உப்பில் நிற்காத கலங்கல்

குற்றாலத்தில் சாரல் முற்றி இரண்டு நாள் அடித்துப் பெய்தால் சிற்றாறு செம்மண் குழம்பாக வரும். சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பார்க்க வருகிறவர்கள் பூவைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊர்க்காரர் கண் குளத்தின்மேல் இருக்கும். புதுத்தண்ணி வந்தாச்சா, கலங்கல் தெளிய எத்தனை நாளாகும் என்பதே அவர் கணக்கு. அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்தால், உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசி வைப்பது பழைய வழக்கம். கலித்தொகைப் புலவருக்கே தெரிந்த வித்தை அது.

கொட்டை இல்லாதவர்கள் இன்னொன்று செய்து பார்க்கலாம். அதே கலங்கலை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி கல்லுப்பைப் போட்டுக் கலக்கி வைத்துவிடுங்கள். உப்புப் போட்டது முந்திக்கொண்டு தெளியும். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உள்ளவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சேரவும் முடியாமல் அமிழவும் முடியாமல் மிதக்கின்றன. உப்பின் சோடியம் அயனிகள் அவற்றை மொய்த்து அந்தத் தள்ளுதலை அடக்கிவிடுகின்றன. துகள்கள் ஒட்டி, கட்டியாகி, அடியில் போய் உட்கார்ந்துவிடும். சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயல் பக்கம் கடலைத் தொடும்போது நடப்பதும் இதுதான். ஆறு சுமந்துவந்த மலைமண்ணில் பெரும்பங்கை உப்பு அங்கேயே இறக்கி வைக்கச் சொல்லிவிடுகிறது.

வீட்டுக்கூடத்தில் கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டி வைத்திருக்கும் ஒருவர், காலையில் எழுந்து தண்ணீர் பால்போல வெளுத்திருப்பதைப் பார்த்தால் நினைவில் கொள்ளவேண்டிய முதல் விஷயம் இது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்த தண்ணீரில் சேறு நாள்கணக்கில் நிற்காது. புதுத்தொட்டியில் சரியாகக் கழுவாத மணலின் தூசி ஒன்றிரண்டு நாள் படுத்தலாம். மற்றபடி வருகிற வெளுப்பு அநேகமாக ஒன்று உயிருள்ளது, இல்லையென்றால் சுண்ணாம்பு. (மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு பவளத்தைப் பெயர்த்து வந்து வைக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை.)

வெளுப்பு எது என்று கண்டுபிடிக்கவும் ஒரு தம்ளர் போதும். தொட்டித் தண்ணீரை அதில் மொண்டு வையுங்கள். ஒரு நிமிடத்தில் தெளிந்தால் அது வெறும் காற்று. பம்போ நுரை பிரிக்கும் ஸ்கிம்மரோ நுண்குமிழிகளை ஊதிக்கொண்டிருக்கிறது. தெளியாவிட்டால் கொஞ்சம் வினிகர் விடுங்கள், தம்ளரில்தான், தொட்டியில் அல்ல. வெளுப்பு கரைந்துபோனால் சுண்ணாம்பு. வினிகரையும் சட்டைசெய்யாமல், ராத்திரி முழுக்க வைத்தும் அமிழாமல் நின்றால் பாக்டீரியா என்று சந்தேகப்படலாம்.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கால்சியம் இருக்கிறது. கார்பனேட்டும் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் இரண்டும் எப்போதோ கூடிச் சுண்ணாம்பாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவிடாமல் தடுப்பது லிட்டருக்குச் சுமார் 1300 மில்லிகிராம் இருக்கும் மெக்னீசியம். படிகம் முளைவிடும்போதே அதன்மேல் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. ஆக, கடல் என்பதே எந்நேரமும் சுண்ணாம்பாகத் துடித்துக்கொண்டு, ஆகாமல் நிற்கிற தண்ணீர். அந்தத் துடிப்பைப் பயன்படுத்தித்தான் பவளம் வீடு கட்டுகிறது. சமையல் உப்பைக் கரைத்துக் கடல் செய்ய முடியாததும் இதனால்தான். உப்பளத்தில் உப்பை வாரியெடுத்தபின் எஞ்சும் கசப்புநீரோடு மெக்னீசியம் போய்விடுகிறது.

பவளம் தின்ற கால்சியத்தையும் கார்பனேட்டையும் தொட்டிக்காரர் ஈடுசெய்ய வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒரே இடத்தில் ஊற்றினால் தடுப்பு உடைந்து தொட்டிக்குள் பனி பெய்யும். பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்புநீருக்குள் குழலால் ஊதிப் பாலாக்கினோமே, அதே பொருள்தான். அளந்து பார்த்தால் கால்சியம் குறைந்திருக்கும். உடனே இன்னும் ஊற்றத் தோன்றும். கூடாது. மிதக்கும் ஒவ்வொரு துகளும் அடுத்த படிகத்துக்கு விதை. கையைக் கட்டிக்கொண்டு ஒருநாள் இருந்தால் படிந்துவிடும்.

பாக்டீரியா விஷயத்தில் அப்படிக் கையைக் கட்ட முடியாது. அளவுக்கு மீறிப் போட்ட இரை, பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் மீன், நைட்ரேட்டைக் குறைக்கவென்று கூடுதலாக விட்ட சர்க்கரை என ஏதோ ஒரு விருந்து கிடைத்துப் பெருகியிருக்கின்றன. அவை மீனைக் கடிப்பதில்லை, மீனின் மூச்சைப் பங்குபோடுகின்றன. 26 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் என்றால், கடல்நீர் ஆறரைதான் தாங்கும். ராத்திரியில் பவளத்துக்குள் வாழும் பாசிகளும் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அதனால்தான். ஏர் பம்பைப் போட்டு, இரையை நிறுத்தி, செத்ததைத் தேடி எடுக்க வேண்டும். குளத்தைத் தூர்வாருகிற வேகத்தில் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிப் பாறைகளைத் தேய்த்துக் கழுவினால், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியாவும் சாக்கடைக்குப் போகும்.

இப்படி மூச்சுமுட்டிச் சாவது கடலிலேயே நடந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகத் திரண்டது. மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். பச்சையாகத் திரண்ட நுண்ணுயிரின் அறிவியல் பெயர் நாக்டிலூக்கா. மீன்கள் செத்து ஒதுங்கின. அந்தப் பக்கத்துச் சிங்கிள் தீவில் ஆய்வாளர்கள் முங்கிப் பார்த்தபோது, அக்ரோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்கள் செத்திருந்தன. காரணம், தண்ணீரில் ஆக்சிஜன் வற்றிப்போனது. கூடத்துத் தொட்டிக்கு ஏர் பம்ப் உண்டு. வளைகுடாவுக்கு அலையும் காற்றும்தான்.

எல்லா வெளுப்பும் ஆபத்தில்லை. கண்ணாடிப் பாசியை மேய்வதற்காக விட்டிருக்கும் பம்பர வடிவ ட்ரோக்கஸ் நத்தை, சில ராத்திரிகளில் தண்ணீர் மட்டம்வரை ஏறிப்போய், ஓட்டின் விளிம்பிலிருந்து பீடிப்புகை மாதிரி ஒன்றை விட்டுவிட்டு ஊதும். அது ஆண் விடும் விந்து. வாசம் பட்டதும் அடுத்தது ஊதும், பெண் முட்டையை விடும். பத்து நிமிடத்தில் தொட்டி பாலாகிவிடும், ஸ்கிம்மர் பொங்கி வழியும். தம்ளரை எடுக்குமுன் டார்ச் அடித்து, கண்ணாடியின் மேல்விளிம்பை ஒருமுறை பாருங்கள்.