சங்கிலியும் சாபமும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, நம் மல்லாபூர்த் தமிழன்பர் ஒருவர் இல்லத்தில் நாலைந்து குடும்பத்தார் கூடி 'டிமான்டி காலனி' என்னும் பேய்ப்படம் பார்த்தோம். 2015ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த படம் அது. இரண்டாம் பாகமே 2024 ஆகஸ்டு 15இல் வந்துவிட்டது. பழைய படத்தைப் பற்றி இப்போது எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் நம் வீட்டில் இருக்கிறது.

கதை சிறிது. சென்னையில் ஓர் அறையில் குடியிருக்கும் நான்கு இளைஞர், இரவில் ஒரு பாழ்மாளிகைக்குள் நுழைகின்றனர். அங்கிருந்து பழங்காலச் சங்கிலி ஒன்று அவர்களுடன் வந்துவிடுகிறது. பிறகு அறைக் கதவு திறப்பதில்லை; தொலைக்காட்சிப் பெட்டியோ அவர்களுக்கு நேரப்போவதை அவர்களுக்கே காட்டுகிறது! இயக்குநர் அஜய் ஞானமுத்துவுக்கு இது முதற்படம். முதலும் சிறிது. ஓர் அறை, மங்கிய விளக்கு, அருள்நிதி முதலிய நால்வரின் வியர்த்த முகங்கள் ஆகியவற்றைக் கொண்டே நம்மை நடுங்க வைத்துவிட்டார். குறி சொல்பவராக வரும் எம். எஸ். பாஸ்கர் சில நிமிடங்களே தோன்றினும் நெஞ்சில் நிற்கிறார்.

ஆயினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஜான் டிமான்டி கற்பனை மனிதர் அல்லர். சென்னையில் வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டிய போர்த்துகீசியர்; 1821இல் மறைந்தார். அவர் மனைவி மனநோயால் வருந்தினார் என்றும், ஒரே மகனையும் இழந்தார் என்றும் சென்னை வரலாறு எழுதியோர் கூறுவர். தம் சொத்தைத் திருச்சபைக்கு எழுதி வைத்தார். கோவளத்தில் அவர் கட்டிய தேவாலயத்திலேயே அவரது கல்லறையும் உள்ளது. ஆழ்வார்ப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய குடியிருப்பு ஆளின்றிக் கிடந்தது. ஆளில்லா வீட்டில் பேய் குடியேற எவ்வளவு நேரம் ஆகும்? திரைப்படம் அவரைக் கொலைபாதகராக்கிவிட்டது. கொடுத்துச் சென்றவருக்கு இப்படி ஒரு பெயரா என்று நமக்கு வருத்தமே.

சாபக் கதைகளுக்கு நாம் பிழைக்க வந்த இந்நாடும் சளைத்ததன்று. கோல்கொண்டா அரசின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததெனக் கருதப்படும் நீல வைரத்தைத் தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் கொண்டுபோய்ப் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். அதுவே பின்னர் வெட்டிச் சிறிதாக்கப்பட்டு 'ஹோப்' வைரமாயிற்று. அதை அணிந்தார்க்குக் கேடு என்ற கதையைப் பரப்பியவர்களுள் பத்திரிகைக்காரரும் உண்டு, நகை வியாபாரிகளும் உண்டு. 1958இல் அதன் உரிமையாளர் ஹாரி வின்ஸ்டன் அதை வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ரயில்வேப் பார்சல் பதிவேட்டோடு மாரடிக்கும் நமக்குச் சாபத்தைவிட அந்தத் தபாலே பெரிய வியப்பு!

இனி நம் வீட்டுச் செய்தி. நம் அத்தை விட்டுச் சென்ற இரட்டைவடச் சங்கிலி ஒன்று, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக் கடையில் இருந்தது. அத்தை இளவயதில் தாலியிழந்தவர். படம் பார்த்த இரவே இல்லாள், "அது ராசியில்லாத நகைங்க. மூழ்கிப் போனால் போகட்டும்" என்றார். தவணைக்குப் பதினொரு நாளே இருந்தது. நமக்கும் உள்ளூர ஓர் அச்சம் தட்டியது, மறைப்பானேன்?

அப்போது ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அன்னையார் சொன்னார்: "உன் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் அதைத்தாண்டா நாலு தரம் வச்சு மீட்டா உங்க அத்தை." இது நமக்கு அதுவரை தெரியாது.

சங்கத்தின் கைமாற்று நிதியில் கொஞ்சமும் நண்பரிடம் கொஞ்சமும் வாங்கி, பத்தாம் நாள் மீட்டு வந்தோம். மகள் கழுத்திலிட்டுக் கண்ணாடி முன் நின்றாள். "கனமா இருக்குப்பா" என்றாள். இல்லாள் ஒன்றும் பேசாமல் கொக்கியைச் சரிசெய்தார்.