விரலடியில் பிடிபடும் பல்லி

குவாஹாட்டி: அசாம், மணிப்பூர் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களில் கடத்தல்காரர்கள் வலைவீசித் தேடும் உயிரினங்களுள் ஒன்று, டோக்கே பல்லி. அது எழுப்பும் ஒலியே அதன் பெயராயிற்று. எய்ட்ஸ் நோயைக் குணப்படுத்தும் என்ற வதந்தி அதன் விலையை உயர்த்தியது. அதற்கு ஆதாரமில்லை என்று 2011-ஆம் ஆண்டில் பிலிப்பின்ஸ் அரசு எச்சரித்தும் கடத்தல் ஓயவில்லை. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. 2019-இல் சர்வதேச வர்த்தகத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

ஆனால், சோதனைச் சாவடியில் நிற்கும் வனக் காவலருக்குப் பல்லியை அடையாளம் காணத் தெரிந்தால்தான் சட்டத்துக்குப் பலன் உண்டு. வளர்ந்த டோக்கேயில் குழப்பமில்லை. ஏறக்குறைய ஓர் அடி நீளம். சாம்பல் நீல உடலில் செம்மஞ்சள் புள்ளிகள். சிக்கல் குஞ்சுகளில்தான். அவை கருத்து, வெண்புள்ளிகளுடன், வீட்டுப் பல்லி அளவே இருக்கும். வாலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் உண்டு. வால் அறுந்துவிட்டால் அந்த அடையாளமும் போயிற்று. நிறமோ நேரத்துக்கு நேரம் மாறக்கூடியது.

எனவே, பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதே நம்பகமான வழி. வீட்டுப் பல்லியின் விரலடி மடிப்புகள் நடுவில் பிளந்து இரு வரிசையாக இருக்கும். டோக்கேக்கு அவை பிளவற்றவை. உள்விரலில் நகமும் கிடையாது. இதற்கு ஆய்வகம் வேண்டாம், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

எல்லாப் பல்லிகளும் இவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. உடலோரத் தோல்மடிப்பை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் மிசோரம் பாராசூட் பல்லி, தென்கிழக்கு ஆசிய இனம் ஒன்றாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட பின்னரே, 2023-இல் அது தனி இனமாக அறிவிக்கப்பட்டு, கெக்கோ மிசோரமென்சிஸ் எனப் பெயர் பெற்றது.