மரத்தோடு மரமாய் ஒன்றும் விலங்கு

சிங்கப்பூர்த் தீவின் நடுப்பகுதியில் புக்கிட் தீமா என்னும் குன்று உள்ளது. நகரத்து மாளிகைகள் நாற்புறமும் நெருங்கிவிட்ட பின்னும், அதன் சரிவில் பழைய மழைக்காட்டின் ஒரு பகுதி எஞ்சி நிற்கின்றது. அக்காட்டு வழியே நாள்தோறும் பலர் நடந்து செல்கின்றனர். தம் தலைக்கு மேலே கொலுகோ என்னும் விலங்கு இருப்பதை அவர்களுள் மிகச் சிலரே காண்பர்.

பூனையளவினதான இவ்விலங்கு, பகற்பொழுதில் அடிமரத்தைத் தழுவியவாறு அசைவற்றிருக்கும். சாம்பல் நிற மயிரும் அதனிடையே தோன்றும் வெண்புள்ளிகளும் பாசி படர்ந்த மரப்பட்டையைப் பெரிதும் ஒத்திருத்தலால், மிக அருகில் நிற்பவரும் அதனை மரக்கணு என்றே எண்ணி ஏமாறுவர். ஆதலின், பழகிய கண்ணுடையோர் விலங்கைத் தேடுவதில்லை. அடிமரம் காரணமின்றிப் புடைத்துத் தோன்றும் இடத்தையே தேடுவர். இரவிலோ, கைவிளக்கின் ஒளி பட்டு மின்னும் பெருங்கண்கள் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இருள் சூழ்ந்ததும் கொலுகோ மரத்தின் மேற்பகுதிக்குத் தாவித் தாவி ஏறும்; பின்னர், பற்றிய பிடியை விட்டு வெளியே பாயும். கழுத்திலிருந்து கைவிரல், கால்விரல், வால் ஆகியவற்றின் நுனிவரை இணைந்துள்ள மெல்லிய தோல் அப்பொழுது பட்டம் போல் விரியும். சிறிது சிறிதாகத் தாழ்ந்து மிதந்தே 100 மீட்டருக்கு அப்பாலுள்ள மரத்தையும் அஃது அடையவல்லது. குட்டியை ஈன்ற தாய், அதனை வயிற்றில் தாங்கியவாறே இவ்வாறு செல்லும். ஆங்கிலத்தில் இதற்குப் பறக்கும் லெமூர் என்று பெயர். இது சிறகடித்துப் பறப்பதும் இல்லை. லெமூர் இனத்தைச் சேர்ந்ததும் அன்று. ஒரே பெயரில் இரண்டு பிழைகள்!

நெடுந்தொலைவு மிதந்து வந்து மரத்தில் மோதினால் அடி பலமாக இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆய்வாளர் சிலர், சிங்கப்பூரில் கொலுகோக்களின் முதுகில் அசைவுகளைப் பதியும் சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்தனர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவு நேர்மாறாக இருந்தது. நெடும்பாய்ச்சலின் இறுதியில் உடலை நிமிர்த்தித் தோலை வான்குடை போலாக்கி விரைவைத் தணித்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கின்றது. குறும்பாய்ச்சலில் அவ்வாய்ப்பு இல்லை.

மரத்தில் இத்துணைத் திறமுடைய விலங்கு தரையில் வலியற்றது. நிமிர்ந்து நிற்க இயலாமல் ஊர்ந்தே நகரும். ஆகவே, மரங்களுக்கிடையே விழும் அகன்ற வெளி அதற்குப் பெருந்தடையாகும். சென்ற நூற்றாண்டின் எண்பதுகளில் அமைந்த விரைவுச்சாலை ஒன்று, புக்கிட் தீமாக் காட்டையும் அதனை அடுத்த நடு நீர்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. சாலையோர மரம் போதிய உயரமின்றி இருப்பின், பாயும் கொலுகோ எதிர்க்கரையை எட்டுமுன்னரே வண்டிகளின் இடையே வீழும்.

இக்குறையை நீக்கவே, விலங்குகளுக்கென 62 மீட்டர் நீளமுள்ள பாலம் ஒன்று அச்சாலைக்கு மேலே 2013ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதன்மேல் மண் பரப்பிக் காட்டு மரக்கன்றுகளை நட்டனர். நடந்து செல்லும் விலங்குகளுக்கு அப்பாலமே போதும். கொலுகோவுக்கோ, அக்கன்றுகள் ஓங்கி வளர்ந்து நிற்கவும் வேண்டும்.