கிழிந்த சேலைக்கும் வேலை உண்டு

புதுச் சேலை வாங்கிய கையோடு பல வீடுகளில் நடக்கிற முதல் காரியம், அதை ஃபால்ஸ் அடிக்கக் கொடுப்பது. கால் பக்கத்துக் கரையின் உட்புறத்தில், நான்கைந்து அங்குல அகலத்தில், சுமார் இரண்டரை மீட்டர் நீளத்துக்கு ஒரு துணிப்பட்டையை வைத்துத் தைக்கிறார்கள். கொசுவம் நன்றாக விழுவதற்காக என்று காரணம் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். நடக்கும்போது தரையும் செருப்பும் கொலுசும் உரசி முதலில் நைவது அந்த ஓரம். சேலை நைவதற்குப் பதில் பட்டை நையட்டும், நைந்தால் பிரித்துவிட்டு வேறு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் மீதிக் காரணம். பட்டுச் சேலையாக இருந்தால் மெஷினில் அடிக்காமல் கையால் எம்மிங் செய்கிறார்கள். ஊசி பட்டையில் ஆழமாக ஏறும். சேலையில் ஓரிரு இழையை மட்டும் கவ்விக்கொண்டு வெளியே வரும். மேல் பக்கம் திருப்பிப் பார்த்தால் தையல் தெரியாது. கிழிவதற்கு முன்பே போட்டுவிடுகிற ஒட்டு இது. கடையில் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கிற இந்தக் காலத்திலும் இந்த வேலை நின்றுபோகவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருளைக் காப்பாற்றுகிறது என்பதால் நிலைத்திருக்கிறது.

வீட்டில் செய்யும் துணிக் கைவேலையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். கைவேலை என்றால் எம்ப்ராய்டரி வளையம், ஆரி வேலை, துணிப்பூ, வாசல் தோரணம் என்றே மனம் போகிறது. அவற்றில் அழகும் திறமையும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நூற்றாண்டுகளாக வீடுகளில் துணியோடு புழங்கியவர்களின் பெரிய கலை வேறு. எந்தத் துணி எந்த வயதில் எந்த வேலைக்கு உதவும் என்று அறிந்து, அதற்கேற்ப வெட்டி, மூட்டி, மடித்து, பிரித்து, கடைசி இழை வரை வேலை வாங்குவதே அது. இந்த அறிவைக் கஞ்சத்தனம் என்றும் ஏழ்மையின் அடையாளம் என்றும் ஒதுக்கியதில் நமக்கு நட்டம் அதிகம். கைவேலையை மீட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அழகிலிருந்து தொடங்காமல் ஆயுளிலிருந்து தொடங்குவதே சரி. வீட்டிலிருக்கும் துணி இன்னும் கொஞ்ச காலம் உழைக்க ஒரு வேலை உதவுகிறதா என்பதே அதை எடைபோடும் கேள்வி.

ஒரு நூல் சேலையை எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்தரை மீட்டரும் ஒரே சீராக நைவதில்லை. உட்கார்ந்து எழும் இடம், இடுப்பில் செருகும் இடம், கால் ஓரம் ஆகியவை முதலில் போகும். முந்தானைப் பக்கமும் கரையும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். சேலை கிழிந்துவிட்டது என்று நாம் ஒதுக்கும் நாளில்கூட அதில் பெரும்பகுதி திடமாகவே இருக்கும். அந்தத் திடமான பகுதியில் சிறுமிக்குப் பாவாடை வரும், முழு அகலத்தில் தூளி வரும். தூளிக்கு இழுவை தாங்கும் துணி வேண்டும். நைந்த சேலையை அதற்குக் கட்டக் கூடாது. பிறந்த குழந்தைக்கு விரிக்க உறுதியைவிட மென்மை முக்கியம். தலையணை உறைக்கு இரண்டுங்கெட்டான் நிலையில் உள்ளது போதும். அதற்கும் கீழே பிடிதுணி, கரித்துணி, தரை துடைக்கும் துணி. பழைய வெள்ளை வேட்டி கிழிந்தால் விளக்குத் திரியாகும். இந்த இறங்குவரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. நெசவுக்காக ஏற்றிய பசை பல சலவைகளில் கரைந்து, இழை தளர்ந்த பருத்தி, புதுத்துணியைவிட மென்மையாகவும் நீரை விரைவாக உறிஞ்சுவதாகவும் ஆகிவிடுகிறது. பச்சைக் குழந்தைக்குப் பழந்துணியைத் தேடியதில் சிக்கனம் மட்டும் இல்லை. அந்த வேலைக்குப் புதுத்துணியைவிடப் பழையதே உகந்தது.

பின்னால் வரப்போவதை முன்கூட்டியே யோசித்துத் தைப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதி. வளரும் பெண்ணின் பாவாடையில் கீழே இரண்டு மூன்று டக் பிடித்து வைப்பார்கள். பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் நீளும். இன்றும் நல்ல தையல்காரர் ஒருவர் தைத்த ரவிக்கையை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் ஒரு விரல் துணி விட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று நான்கு வரித் தையல் ஓட்டியிருப்பார். உடம்பு போட்டால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம். ஆயத்த ஆடையைத் திருப்பிப் பார்த்தால் இந்த உள்துணியைப் பெரும்பாலும் காண முடியாது. ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒரு விரல் துணி என்பது பெரிய தொகை. அதனால் தையலை ஒட்டியே நறுக்கி, ஓவர்லாக் அடித்துவிடுகிறார்கள். அணிகிறவர் பருத்தாலோ வளர்ந்தாலோ அந்த உடை முடிந்தது. பிரித்துத் தைக்கும் பழக்கம் குறைந்ததற்கு நம் சோம்பல் காரணம் என்று சொல்வதற்கு முன், பிரிக்க இடமே வைக்காத உடைகளை நாம் வாங்கிக்கொண்டிருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துணிக்கு வயதறிந்து வேலை கொடுப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. வங்காளத்தின் காந்தா போர்வை, நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு உருவாவது. தைக்கும் வண்ண நூலைக்கூடப் பழஞ்சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் தைக்கும் கவந்தி, துண்டுத் துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி ஒட்டிக்கொண்டு போவது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் வயல்வேலைக்கு உடுத்திய பழைய உடைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். குளிருக்காகத் தைத்த அந்தப் போர்வைகள் 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின; 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. மூன்று இடத்திலும் நுட்பம் ஒன்றுதான். நைந்த துணிகளை அடுக்கி முழுப் பரப்பிலும் நூலோட்டினால் எந்த இழையும் தனியாகச் சுமை தாங்க வேண்டியதில்லை. ஓர் அடுக்கின் ஓட்டையை அடுத்த அடுக்கு மூடும். நடுவில் அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கும். கையில் இருந்த துண்டுகளைக் கொண்டே முடிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்துதான் அந்த அழகும் பிறந்தது.

அப்படியானால் இந்த அறிவு நம் வீடுகளில் ஏன் மெலிந்தது? இழை மாறியது என்பது பெரிய காரணம். பாலியஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது நம் வீட்டுக்கு வந்தபோது பெண்களுக்குப் பெரிய விடுதலையாகவே இருந்தது. கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், அலசிப் போட்டால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும், சாயமும் போகாது. ஆனால் அந்த இழை முதுமையில் பருத்தி செய்யும் வேலைகளுக்கு வராது. சாதாரணக் காற்றிலிருந்தே 100 கிராம் பருத்தி ஏழு எட்டு கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. குழந்தைக்கு விரித்தால் ஈரம் அப்படியே நிற்கும், தரையைத் துடைத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், பிடிதுணியாக்கினால் அடுப்பனலில் உருகிக் கையில் ஒட்டும். இறங்குவரிசையின் கீழ்ப்படிகள் எல்லாம் இப்படி ஒரே தலைமுறையில் உடைந்தன. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடமோ குப்பையிலோ சேர்ப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் போனது. பருத்திக் கந்தலுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை என்பதற்குத் திருப்பூரே சாட்சி. அங்கே வெட்டி எஞ்சும் பனியன் துணி எடைபோட்டு விற்கப்பட்டு, எண்ணெய் துடைக்கப் பட்டறைகளுக்குப் போகிறது.

துணியைப் பழுது பார்த்து உடுத்துவதற்கு எழும் முதல் மறுப்பு நேரக் கணக்கு. ஒரு நைட்டியை ஒரு மணி நேரம் உட்கார்ந்து தைப்பதைவிட, அந்த நேரத்தில் சம்பாதித்துப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்பார்கள். பல சமயம் அது உண்மைதான். எல்லாவற்றையும் தைத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் துணிகள் ஒதுக்கப்படுகிற காரணங்களைப் பாருங்கள். பொத்தான் உதிர்ந்தது, எம்மிங் பிரிந்தது, அக்குளில் தையல் விட்டது, ஜிப் மாட்டிக்கொண்டது. துணி கிழிவதற்கு முன்பே உடை நின்றுபோகிற இடங்கள் இவை. பெரும்பாலும் பத்து நிமிட வேலைகள். இந்தச் சின்ன வேலைகளைக் கற்றுக்கொண்டாலே கணக்கு மாறிவிடும். மேலும், ஒரு துணியின் உண்மையான விலையைக் கடைச்சீட்டு மட்டும் சொல்லாது. அதை எத்தனை முறை உடுத்தினோம் என்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். நாலு சலவையில் போகிற மலிவுச் சட்டையைவிட, பழுது பார்த்துப் பல ஆண்டுகள் உடுத்தும் கைத்தறிச் சட்டை மலிவு. துணியை நீண்ட நாள் வைத்திருக்கத் தெரிந்தவரால்தான் நெசவாளிக்கு நியாயமான விலை கொடுக்கவும் முடியும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இந்தக் கலை என்று நாம் போற்றுவதெல்லாம் கூலியில்லாமல் பெண்கள் செய்த வேலைதானே, சமையலும் சலவையும் முடிந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்ததைத் திரும்பவும் அவர்கள் தலையில் கட்டுவதா என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி. பழைய பெருமை பேசி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலையைத் துறப்பதைவிட அதைப் பங்கிடுவது நல்ல விடை. கூலிக்குத் தைப்பவர்களில் ஆண்கள் ஏராளம்; வீட்டுக்குள் ஊசியை எடுப்பது மட்டும் ஆணுக்குக் கூச்சமாக இருப்பதில் ஒரு நியாயமும் இல்லை. வீட்டில் முடியாததற்குத் தெருமுனையில் ஒரு மெஷினோடு உட்கார்ந்திருக்கும் ஆல்டர் கடைக்காரர் இருக்கிறார். அவருக்குக் கொடுக்கும் காசு அதே தெருவில் ஒரு குடும்பத்துக்குப் போகிறது. பிரான்ஸ் அரசு 2023 இறுதியிலிருந்து பழுது வேலையை ஊக்குவிப்பதை ஒரு கொள்கையாகவே செய்துவருகிறது. உடையையும் செருப்பையும் பழுது பார்க்கக் கொடுப்பவர்களுக்குப் பில்லில் தள்ளுபடி கிடைக்கிறது. அதற்கான பணம், புதுத்துணி விற்கும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டு அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கிவருகிறது. அவற்றைப் பெற்றவர்களுக்குத் துணிப் பழுது வேலையும் ஒரு வருமானமாக அமையலாம்.

மூன்றாவது தடை வெட்கம். ஒட்டுப் போட்ட சட்டை ஏழ்மையின் முத்திரை என்று பழகிவிட்டோம். இந்த வெட்கம் காலத்துக்குக் காலம் மாறக்கூடியது. இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் பிரிட்டன் துணிக்கு ரேஷன் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். இருப்பதைச் செப்பனிட்டு உடுத்துங்கள் என்று 1943-இல் அரசே கையேடு அச்சிட்டுப் பரப்பியது. ஒட்டுப் போட்ட முழங்கை அப்போது நாட்டுப்பற்றின் அடையாளமானது. ஜப்பானின் வடபகுதியில், பருத்தி அரிதாயிருந்த குளிர்ப் பிரதேசத்து உழவர்கள் ஒட்டின்மேல் ஒட்டாகத் தைத்து உடுத்திய போரோ உடைகளை அவர்களின் பிள்ளைகள் வெட்கப்பட்டு ஒளித்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஒட்டில் இழிவு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பார்ப்பவர் கண்ணில்தான் இருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்க எச்சரிக்கை ஒன்றும் தேவை. பழமைத் தோற்றம் இப்போது விற்பனைச் சரக்கு. நல்ல புதுத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுத்துணிப் போர்வை என்ற பெயரில் விற்கிறார்கள். ஒரு மஞ்சப்பை போதும் என்ற நிலையில் பத்து மஞ்சப்பை சேர்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019-இல் தடை வந்து, 2021 இறுதியில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் சாயமிடவும் செலவாகும் தண்ணீரை நினைத்தால், வீட்டிலிருக்கும் பழைய பேண்டின் கால்பகுதியில் தைத்த பையே உசத்தி. பாலியஸ்டர் சேலைக்கும் இங்கே ஒரு முதுமை வேலை கிடைக்கிறது: ஈரம் பிடிக்காத அந்தத் துணி சந்தைப் பைக்கு நன்றாக வரும், கயிறாகத் திரித்துச் சுற்றித் தைத்தால் மிதியடி ஆகும். பட்டுச் சேலையை மட்டும் யோசித்து வெட்டுங்கள். மடிப்பு ஓரத்தில் இற்றுப்போகும் பட்டு, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைத்தால் நெடுநாள் நிற்கும். இற்ற பிறகும் கரையைப் பேத்திக்குப் பாவாடையில் வைத்துத் தைக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டப்பாவில் இரண்டு ஊசி, கறுப்பும் வெள்ளையுமாக நூல், தூக்கிப் போடும் சட்டைகளிலிருந்து கழற்றிய பொத்தான்கள் போதும். துணி வாங்கும்போது உள்பக்கம் திருப்பி, பிரிக்க இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எந்த இழை என்ற சீட்டையும் படியுங்கள். ஒதுக்கும் துணிகளில் பருத்தியைத் தனியே பிரித்து வையுங்கள். அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிகளில் தையலுக்கென்று சிறப்பாசிரியர் பணியிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வகுப்பில் பெண்பிள்ளைகளோடு ஆண்பிள்ளைகளையும் உட்கார வைத்து, பூ வேலைக்கு முன்னால் பொத்தானும் எம்மிங்கும் கிழிசலும் சொல்லிக் கொடுக்கலாம். அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாமல் எந்தப் பிள்ளையும் பத்தாம் வகுப்பைத் தாண்டக் கூடாது.