பேய் வீட்டுக்குள் ஒரு கண்ணாடி

அக்டோபர் கடைசியில் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வேளச்சேரிப் பக்கத்து மால்களிலும் பூசணிக்காய் முகங்கள் பல்லைக் காட்ட ஆரம்பித்துவிடுகின்றன. ஹாலோவீன் நமக்குப் புதுசு. பயமுறுத்தும் வேடம் புதுசு இல்லை. குலசேகரப்பட்டினம் தசராவில் காளி வேடம் கட்டி வருகிறவர்களையும், மாசி மாத மயானக் கொள்ளையில் ஆவேசத்தோடு வரும் அங்காளம்மனையும் இடுப்பில் குழந்தையோடு நின்று பார்த்தவர்கள்தான் நாம்.

தாம்பரத்துக்குப் பேய் விஷயத்தில் தனிக் கதை ஒன்று உண்டு. 1984இல் நவோதயா அப்பச்சன் தயாரித்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் 3டி படம். மந்திரவாதியிடம் அடிமையாக இருந்த குட்டிச்சாத்தானைப் பிள்ளைகள் விடுவித்துத் தோழனாக்கிக்கொள்ளும் கதை. அதில் ஒரு பாட்டில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பார்கள். சுழலும் அறை ஒன்றைக் கட்டி, கேமராவையும் அதோடு சேர்த்துச் சுழற்றி எடுத்த காட்சி அது. அறைதான் உருண்டது, பிள்ளைகள் எந்நேரமும் தரைப்பக்கம்தான் நடந்தார்கள். இதே அப்பச்சன் 1995இல் தாம்பரத்தை அடுத்துத் தொடங்கிய பொழுதுபோக்குப் பூங்காதான் கிஷ்கிந்தா.

பூங்காக்களின் பேய் வீடுகளும் இப்படிப்பட்ட கைவேலையால் ஆனவைதான். அங்கே காட்டும் வித்தைகளில் பழையதும் அழகானதுமான ஒன்று 'பெப்பரின் பேய்'.

1862 டிசம்பர் 24. லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் சார்லஸ் டிக்கன்ஸின் கதை ஒன்று நாடகமாக நடந்தது. மேடையில் இருந்த நடிகருக்குப் பக்கத்தில், உடம்புக்குள்ளே பின்னால் உள்ள பொருட்கள் தெரியும்படி ஒரு பேய் வந்து நின்றது. பிறகு காற்றில் கரைந்தது. ஹென்றி டெர்க்ஸ் என்ற பொறியாளரின் யோசனையை எந்த அரங்கிலும் பொருத்தும்படி மாற்றியவர் ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியல் விரிவுரையாளர். கருவி, பார்வையாளர்களுக்கும் மேடைக்கும் நடுவே சாய்த்து வைத்த ஒரு பெரிய கண்ணாடிப் பலகை மட்டுமே. மேடைக்கு முன்னால், கீழே, கண்ணில் படாத பள்ளத்தில் இன்னொரு நடிகர் வெள்ளை உடையில் நின்றார். அவர் மேல் பலமான வெளிச்சம் விழுந்ததும் அவருடைய பிம்பம் மேடையில் எழுந்தது.

இது எப்படி நடக்கிறது? ரசம் பூசாத சாதாரணக் கண்ணாடி, நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மிச்சத்தில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். பகலில் வெளி வெளிச்சம் அதிகம் என்பதால் ஜன்னலில் நம் முகம் தெரிவதில்லை. ராத்திரி டியூப்லைட் போட்டதும் அதே ஜன்னலில் நாம் நிற்கிறோம், வெளியே இருக்கிற வேப்பமரத்துக்கு நடுவே. பேய் வீட்டில் கண்ணாடியை 45 டிகிரி திருப்பி வைத்து, பக்கத்தில் ஒரு கறுப்பு அறையை மறைத்து, அதில் பொம்மையை நிறுத்துகிறார்கள். பொம்மை மேல் விளக்கு ஏறினால் பேய் வரும், இறங்கினால் மறையும். அமெரிக்காவின் டிஸ்னிலேண்டில் 1969இல் திறந்த பேய் மாளிகையிலும் இந்த வித்தைதான். செய்தி வாசிப்பவர் கேமராவைப் பார்த்தபடியே படிப்பதும் இப்படிச் சாய்த்த கண்ணாடியால்தான். 2014 தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றியதும் இதன் நவீன வடிவம்தான். அங்கே கண்ணாடிக்குப் பதில் மெல்லிய படலம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். போட்டோ சட்டத்தின் கண்ணாடியை மேசையில் செங்குத்தாக நிறுத்துங்கள். முன்னால் ஒரு சாண் தள்ளி மெழுகுவர்த்தி. பின்னால் அதே ஒரு சாண் தள்ளி, அதற்கு நேர் எதிரே தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளர். மெழுகுவர்த்தியை ஒரு புத்தகத்தால் மறைத்து, அறை விளக்கை அணைத்து, அதே பக்கம் கொஞ்சம் ஓரமாக நின்று பாருங்கள். தண்ணீருக்குள் சுடர் எரியும்! பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, பிம்பம் அவ்வளவு தூரம் பின்னால் தெரியும் என்ற பள்ளிக்கூடப் பாடம் இது. நெருப்பைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள, டம்ளரைத் தள்ளிவைத்துச் சுடரை வெளியே எடுக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள்.

மற்ற வித்தைகளையும் இப்படியே சொல்லிவிடலாம். புகை, கிளைக்காலோ கிளிசரினோ தண்ணீரோடு கலந்து சூடாக்கி ஊதுவது. இருட்டில் நம் வெள்ளைச் சட்டை நீலமாக மின்னுவது, சலவைத்தூளில் உள்ள ஒளிர்பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்புவதால். எலும்புக்கூடு திடீரென்று எழுவது, பெரும்பாலும் அழுத்தக் காற்று நிரம்பிய உருளை தள்ளுவதால்.

இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் சுவாரசியம் கெடாதா? சின்னக் குழந்தைகள் விஷயத்தில் கெடாது. சொல்லியே ஆக வேண்டும். 1969இல் ரீட்டா டெவ்ரீஸ் என்ற உளவியலாளர் ஒரு பூனையைப் பிள்ளைகளிடம் பழகவிட்டு, பிறகு அதன் முகத்தில் நாய் முகமூடியை மாட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் பூனை நாயாகிவிட்டது என்றே நம்பினார்கள். ஆறு வயதுக்காரர்களோ, இது முகமூடி போட்ட பூனை என்றார்கள். மூன்று வயதுக் குழந்தை பேய் வேடக்காரரைப் பார்த்து அலறினால் அது கோழைத்தனமே இல்லை. தோற்றம் மாறினாலும் ஆள் மாறவில்லை என்ற அறிவு அந்த வயதில் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இருட்டுப் பேய் வீடு வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தில் பூசணிக்காய், மிட்டாய், மாறுவேடம் போதும். முகமூடியை முதலில் குழந்தையின் கையில் கொடுங்கள். அது பார்க்கப் பார்க்க அப்பா போட்டுக் கழற்றட்டும். பிறகு குழந்தை போடட்டும். பெரிய பிள்ளைகளைக் கூட்டிப்போனாலும் ஒன்றை மறக்கக் கூடாது: வித்தை தெரிந்துவிட்டால் பேய் பற்றிய பயம் போகும், ஆனால் திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுவது போகாது. அது பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல், பெரியவர்களுக்கும் உண்டு. அதனால் வரிசையின் நடுவில் கையைப் பிடித்து நடத்துங்கள், காதைப் பொத்திக்கொள்ள விடுங்கள். "வேண்டாம்ப்பா" என்று சொன்ன இடத்திலேயே திரும்பிவிடுங்கள். "இதுக்கா பயப்படுற?" என்ற சிரிப்பு, பேயைவிட ஆழமாக மனசில் தங்கும்.

வெளியே வந்த பிறகு, "பயந்தியா?" என்று கேட்காமல், "கண்ணாடியை எங்கே வெச்சிருப்பாங்க?" என்று கேளுங்கள். பதில் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கேள்வியை யோசிக்கத் தொடங்கும் பிள்ளை, பயந்த இடத்தை ஆராய்ந்து பார்க்கப் பழகிவிடும். அந்தப் பழக்கம் பேய் வீட்டோடு நிற்காது.