காசு நம்முடையது! பூட்டு யாருடையது?

துணிக்கடைக்குள் நுழைகிறீர்கள். வேட்டி ஒன்றை எடுக்கிறீர்கள். விலை கேட்டு, பணத்தை எண்ணி வைத்து, பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கும் நேரம், கடைக்காரர் கைதட்டி அழைக்கிறார்.

"ஐயா, ஒரு நிபந்தனை! இந்த வேட்டியை எங்கள் கடைச் சட்டையோடுதான் உடுத்த வேண்டும். எங்கள் கடைச் சோப்பில்தான் துவைக்க வேண்டும். நாளை நாங்கள் கடையைக் கட்டிவிட்டால், வேட்டி உங்கள் இடுப்பில் நிற்காது!"

என்ன செய்வீர்கள்? "பித்துப் பிடித்துவிட்டதா உமக்கு?" என்று கேட்டு, பொட்டலத்தை அங்கேயே வீசிவிட்டு, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வெளியேறுவீர்கள்.

வேட்டிக்காரர் சொன்னால் வெகுண்டெழுகிறோம். பாட்டு விற்றவர் இதே நிபந்தனையைச் சொன்னபோது உலகம் என்ன செய்தது? 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தியது! பக்கம் பக்கமாக நீண்ட ஒப்பந்தத்தில் ஒரு வரியையாவது படித்ததா? இல்லை. படிக்கவா எழுதினார்கள் அதை?

அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம். பாட்டின் கதையாகத் தோன்றும். ஆனால் உடைமையின் கதை, உரிமையின் கதை அது.

பொதுவிதி தந்த பொற்காலம்

1963-ஆம் ஆண்டு. பெர்லின் நகரத்து வானொலிக் கண்காட்சி. நெதர்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பேழையைக் காட்டிற்று. அதுதான் கேசட். தானே செய்து தானே விற்றிருக்கலாம். தன் கருவியில் மட்டுமே ஓடவேண்டும் என்று வேலி போட்டிருக்கலாம். ஆனால், அளவும் அமைப்பும் மாறாமல் செய்வதானால், உரிமைக் கட்டணமின்றிப் பிறரும் செய்துகொள்ளலாம் என்று வழிவிட்டது அந்நிறுவனம். விளைவு? ஜப்பானில் செய்த கேசட் ஜெர்மன் கருவியில் ஓடிற்று. நம் ஊர்த் தேநீர்க் கடையிலும், திருமண வீட்டு ஒலிபெருக்கியிலும், பேருந்திலும் அதே பேழை பாடிற்று. மேடைப் பேச்சைச் சுமந்து சிற்றூர்களுக்குச் சென்றது. பாடுவதற்கு முன், "நீ எந்தக் கடையில் வாங்கினாய்?" என்று எந்தக் கருவியும் கேட்கவில்லை.

1982-இல் குறுந்தகடு வந்தது. பிலிப்சும் சோனியும் கூடி வகுத்த விதி அது: ஒரு நொடியில் ஒலியை 44,100 முறை அளப்பது, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதுவது. விதி ஒன்று, அந்த விதிப்படி கருவி செய்தோர் பலர். அன்று வாங்கிய தகடு, கீறல் படாமல் காத்திருந்தால், இன்றும் ஓடும். விற்ற கடை மூடிப்போயிருக்கலாம், தகடு ஓடும்!

பொதுவிதி என்பதன் பொருள் இதுதான். அதைப் பொறியாளர்கள் மொழியில் 'திறந்த தரம்' என்பார்கள். விதி எல்லோருக்கும் தெரிந்தது, எவரும் பின்பற்றலாம், ஒருவர் மனம் மாறினால் மற்றவர் பொருள் மண்ணாகிவிடாது. நம்மைக் கேட்டால், கிராமத்துப் பொதுக்கிணறு என்போம்.

சுருங்கிய ஒலி, விரிந்த உலகம்

குறுந்தகட்டின் ஒலியைக் கணினிக் கோப்பாக்கினால் பெருத்துப்போகும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்துப் பிரான்கோபர் ஆய்வுக்கூடத்தில், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட அறிஞர்கள் ஒரு வழி கண்டனர். பெரிய ஓசையின் நிழலில் மறைந்து காதுக்கு எட்டாமல் போகும் சிற்றோசைகளைக் கழித்துவிட்டு, எஞ்சியதைச் சுருக்கி எழுதினர். கோப்பு ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. அனைத்துலகத் தர அமைப்பு ஏற்ற அந்த முறைக்கு, 1995-இல் 'எம்பி3' என்ற பெயர் நிலைத்தது.

பாட்டு, கம்பி வழியே கண்டம் கடந்தது. 1999-இல் நாப்ஸ்டர் என்ற மென்பொருள் வந்தபோது, பிறர் பாட்டை விலையின்றி எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பெருகிற்று. பாடியவருக்கும் பாட்டெழுதியவருக்கும் இசைத்தவருக்கும் கூலி கிடைக்காமல் போவது அநீதி. உழைத்தவன் வயிறு காயக்கூடாது என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால், அந்த அநீதியைத் தீர்க்கிறோம் என்று சொல்லி வந்தார்களே, அவர்கள் கொண்டுவந்த மருந்து என்ன? பூட்டு!

பூட்டிய பாட்டு

2001-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்ற கருவியைத் தந்தது. அழகிய கருவி, ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் அடக்கிய கருவி. திறமையைத் திறமை என்று சொல்ல நாம் தயங்கவில்லை. 2003 ஏப்ரலில் அந்நிறுவனம் அமெரிக்காவில் பாட்டுக் கடையையும் திறந்தது. 2 லட்சம் பாடல்கள்; ஒரு பாட்டு 99 சென்ட். திருடாமல், தேடி வந்து, காசு கொடுத்து வாங்கினர் மக்கள்.

வாங்கிய பின் என்ன ஆயிற்று? பாட்டின்மேல் ஒரு பூட்டு. பெயர் 'பேர்பிளே' — நியாயமான ஆட்டம்! நியாயத்தைப் பாருங்கள்: கையடக்கக் கருவியில் கேட்க வேண்டுமா? ஐபாட் வாங்கு! பிற நிறுவனத்துக் கருவி வைத்திருக்கிறாயா? கேட்காதே! குறுந்தகட்டில் பதிந்து, திரும்பவும் கணினியில் ஏற்றினால் பூட்டுக் கழன்றுவிடும் என்று சமாதானம் சொன்னார்கள். உண்மைதான். காசு கொடுத்து வாங்கியவன் தன் மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுவர வேண்டுமோ?

ஒருவர் மட்டுமா பூட்டுப் போட்டார்? மைக்ரோசாப்ட் நிறுவனம் 2004-இல் வேறொரு பூட்டைப் பல நிறுவனங்களுக்கும் பொதுவாகத் தந்தது. அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயரின் பொருள் 'உறுதியாக ஒலிக்கும்' என்பது. அதை நம்பிப் பாட்டு வாங்கினர் பலர். 2006 நவம்பரில் அதே மைக்ரோசாப்ட், 'சூன்' என்ற தன் சொந்தக் கருவியை வெளியிட்டது. உறுதியாக ஒலிக்கும் என்று உரைக்கப்பட்ட பாட்டு அதில் ஒலித்ததா? இல்லை! உறுதி சொன்னவர் கருவியிலேயே உறுதிமொழி ஊமையாயிற்று!

2008 ஏப்ரலில் அந்நிறுவனம் தன் பழைய பாட்டுக்கடையின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல் விடுத்தது. ஆகஸ்டு 31-க்குப் பின் சாவி தரும் கணினியை நிறுத்தப்போகிறோம். அதன்பின் வேறு கணினிக்கு மாறினால், வாங்கிய பாட்டு அங்கே திறக்காது என்றது மடல். எதிர்ப்பு எழுந்தது. அதற்குப் பிறகே 2011 முடியும்வரை காலம் நீட்டித்தார்கள். கடைக்காரர் கடையைக் கட்டினால் வேட்டி இடுப்பில் நிற்காது என்று தொடக்கத்தில் சொன்னோமே, அது கற்பனையா, நண்பர்களே?

வீட்டுக்குள் புகுந்த காவலர்

சோனி பிஎம்ஜி நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 2005-இல், தான் விற்ற இசைத்தட்டுகள் சிலவற்றில், அதைக் கணினியில் போட்டதும் ஒளிந்துகொள்ளும் ஒரு மென்பொருளை வைத்தது. படியெடுப்பதைத் தடுப்பது அதன் நோக்கம்; தன்னைக் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்வது அதன் வித்தை. அந்த மறைவிடம், கணினியைக் கெடுக்கும் தீய நிரல்களுக்கும் புகலிடமாயிற்று. அக்டோபர் இறுதியில் மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் இதை அம்பலப்படுத்தினார். கொந்தளிப்பு மூண்டது, தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, வழக்குகள் தொடர்ந்தன.

யாருடைய கணினியில் புகுந்தார்கள்? திருடியவன் கணினியிலா? காசு கொடுத்துத் தட்டு வாங்கியவன் கணினியில்! கள்வன் வைத்திருந்த கோப்பில் பூட்டில்லை, ஒற்றனில்லை, தொல்லையில்லை. நேர்மையாளன் வீட்டில்தான் நுழைந்தது காவல் என்ற பெயரில் வந்த களவு!

பூட்டுப் போட்டவரே சொன்னார்

பூட்டு பயனற்றது என்று நாம் மட்டும் சொல்லவில்லை. 2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட அறிக்கை, கணக்கோடு பேசிற்று. 2006-இல் இணையக் கடைகளில் விற்ற பூட்டிய பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டு இசை நிறுவனங்கள் குறுந்தகட்டில் பூட்டே இல்லாமல் விற்ற பாடல்கள் 2,000 கோடிக்கும் மேல்! வாசற்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, சாளரத்துக்கு மட்டும் சங்கிலி போட்ட சாமர்த்தியம் இது. பூட்டைக் கேட்டவர்கள் இசை நிறுவனத்தார் என்று பழியை அவர்கள்மீது போட்டார் ஜாப்ஸ். அதில் உண்மை உண்டு. அந்தப் பூட்டால் தன் கருவியின் விற்பனைக்கு வேலி கிடைத்ததும் உண்மைதான்.

அந்த அறிக்கை வானிலிருந்து விழவில்லை. நார்வே நாட்டு நுகர்வோர் அமைப்பு 2006-லேயே புகார் தொடுத்திருந்தது. அறிக்கைக்குச் சில நாள் முன்பு, 2007 ஜனவரியில், இந்தப் பூட்டு சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டு நுகர்வோர் காப்பாளர் முடிவுரைத்திருந்தார். சிறிய நாடு, ஆனால் கேள்வி கேட்ட நாடு! 2007 ஏப்ரலில் ஈஎம்ஐ நிறுவனம் முதலில் இறங்கி வந்தது. 2009 ஜனவரியில் பெரு நிறுவனங்கள் நான்குமே பூட்டைக் கழற்ற இசைந்தன.

வெற்றிதான்! ஆனால் ஏற்கெனவே வாங்கியவர் நிலை? பூட்டில்லாப் படிக்கு மாற, பாட்டொன்றுக்கு 30 சென்ட் கொடு என்றனர். பூட்டியதற்கு ஒரு விலை. திறப்பதற்கு ஒரு விலை!

காணாத பூட்டு

பூட்டில்லாத எம்பி3-க்கும் ஒரு மறைவான பூட்டு இருந்தது. அதன் பெயர் காப்புரிமை. 1998-இல் பிரான்கோபர் ஆய்வுக்கூடம், எம்பி3 மென்பொருள் எழுதியோரிடம் உரிமைக் கட்டணம் கோரி மடல்கள் விடுத்தது. மைக்ரோசாப்ட் 1 கோடியே 60 லட்சம் டாலர் கட்டி உரிமை பெற்றது. பெற்றும் என்ன? அதே முறையில் தமக்கும் பங்குண்டு என்று அல்காடெல்-லூசென்ட் வழக்காட, 2007 பிப்ரவரியில் 152 கோடி டாலர் தண்டம் விதித்தனர் நடுவர்கள்! ஆகஸ்டில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார் என்பது வேறு. மலைபோன்ற நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், வீட்டில் அமர்ந்து மென்பொருள் எழுதும் இளைஞன் என்ன ஆவான்?

அத்தகைய இளைஞர்கள்தாம் விடையும் கண்டனர். கிறிஸ் மாண்ட்கோமரியும் தோழர்களும் காப்புரிமைக் கட்டணம் கேட்காத 'வோர்பிஸ்' முறையை ஆக்கி, 2002-இல் முதற்பதிப்பை வெளியிட்டனர். ஜோஷ் கோல்சன் 2001-இல் தந்த 'பிளாக்' முறை, ஒலியில் ஓர் அணுவும் குறையாமல், கோப்பை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கிற்று. கட்டணமில்லை, கைகட்டி நிற்கத் தேவையில்லை. 2024 டிசம்பரில் அந்த முறை இணையப் பொறியாளர் அமைப்பின் ஆவணமாகவே பதிப்பிக்கப்பட்டது. எம்பி3-யின் உரிமத் திட்டமோ 2017 ஏப்ரலில் முடிவுற்றது. அதையும் இன்று எவரும் எடுத்தாளலாம்.

இழுப்பறை சொல்லும் பாடம்

பாட்டு வேண்டாம், உங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எத்தனை சார்ஜர்கள்! ஒன்றின் முனை மற்றொன்றில் பொருந்தாது. செல்பேசி செத்தாலும் சார்ஜர் பாம்புச் சட்டைபோல் சுருண்டு கிடக்கும்.

ஐரோப்பியர் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரித்தனர், 13 பேர் எதிர்த்தனர்; பொது சார்ஜர் சட்டம் நிறைவேறிற்று. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் செல்பேசிகளுக்கு 'யூஎஸ்பி-சி' என்ற ஒரே முனை கட்டாயமாயிற்று. புதுமை செத்துவிடும் என்று ஓலமிட்டது ஆப்பிள். செத்ததா? 2012 முதல் தனிமுனை வைத்திருந்த அதே நிறுவனம், 2023-இல் பொதுமுனைக்கு வந்தது; கருவிகளும் தடையின்றி விற்றன.

நமக்கும் இந்த நோவு தெரியும். கணினியில் தமிழ் புகுந்த தொடக்க நாட்களில், எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியீடு வகுத்தனர். ஓர் அலுவலகத்தில் 'அன்புள்ள' என்று அடித்த மடல், மற்றோர் அலுவலகத்தில் புரியாத கிறுக்கலாய்த் தெரிந்தது. ஒருங்குறி என்ற பொதுவிதி பரவிய பின்னரே, செல்பேசியில் அடிக்கும் தமிழ் உலகெங்கும் தமிழாகவே தெரிகிறது. பொதுவிதியின் பயனை அறிய நாம் பெருநூல் படிக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் செல்பேசி போதும்!

கேளுங்கள்!

இன்று பாட்டை வாங்குவோர் குறைவு. மாதச் சந்தா கட்டிக் கேட்போரே மிகுதி. வாடகை வீடு வசதிதான். ஆனால், வாடகையை வாடகை என்று சொல்ல வேண்டும். 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் வாங்கியோர் கையிலிருந்த நூல்கள் மறைந்தன. 'வாங்கு' என்று எழுதியிருந்த பொத்தானுக்குப் பொருள் என்ன? கலிபோர்னியா மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் செயற்படுத்திற்று. தருவது உரிமம் மட்டுமே என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றது. உண்மையைச் சொல்ல வைக்கச் சட்டம் வேண்டியிருக்கிறது!

கருவிகளை வெறுக்கச் சொல்லவில்லை நாம். வாங்குங்கள், மகிழுங்கள். ஆனால் கடைப்படி ஏறும்போது மூன்று கேள்விகளை மறவாதீர்கள். நான் வாங்குவது வேறு நிறுவனத்துக் கருவியில் ஓடுமா? நீங்கள் கடையை மூடினால் என் பொருள் என்னிடம் இருக்குமா? என் பாட்டை, என் படத்தை, என் எழுத்தை, நான் நினைத்த நாளில் எடுத்துச் செல்ல முடியுமா?

விற்பவர் விழிப்பார். விழிக்கட்டும்! நார்வே கேட்டது, பூட்டுக் கழன்றது. ஐரோப்பா கேட்டது, முனை மாறிற்று. கேட்டவர்க்கே கிடைத்திருக்கிறது. காசு கொடுக்கும் நாம் கேட்கக் கூசலாமா?