கூட இருப்பவரின் மனதை யார் அளப்பது?

பென்னாகரம் பகுதியிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர் யாரும் தனியாகப் போவதில்லை. தருமபுரி, சேலம், அடையாறு என்று எங்கே போனாலும் கூடவே ஒருவர் போகிறார். பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். நோயாளியின் சீட்டில் எடை முதல் ரத்த அளவு வரை எல்லாம் இருக்கிறது. கூட வந்தவரைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. வார்டில் அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

அவர் தூங்குகிறாரா, அவருக்குச் சோறு இறங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. 1983-ல் சிக்மண்ட், ஸ்னைத் என்ற இரு மனநல மருத்துவர்கள் 14 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். ஏழு கேள்விகள் பதற்றத்துக்கு, ஏழு மனச்சோர்வுக்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒரு பகுதியில் 7 வரை வந்தால் இயல்பு. 8 முதல் 10 வரை என்றால் கவனிக்க வேண்டும். 11-ஐத் தொட்டால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். மருத்துவமனை நோயாளிகளுக்காகச் செய்யப்பட்ட இந்த அளவுகோலை இன்று பல நாடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடமும் பயன்படுத்துகிறார்கள்.

இது யாருடைய வாழ்க்கையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று நாம் கேட்க வேண்டும். பயத்தைச் சொல்ல இதில் வரும் ஆங்கில வழக்கு, வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பது. நம் ஊரில் பட்டாம்பூச்சி பறந்தால் அது சினிமாக் காதல். பயம் வந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நல்ல புத்தகத்தையோ டி.வி.யையோ ரசிக்க முடிகிறதா என்று இன்னொரு கேள்வி. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண், "அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்" என்பார். அந்தப் பதில் மனச்சோர்வா, நேரமின்மையா? அவர் தன் துயரத்தைச் சொல்லும் சொற்கள் வேறு. "நெஞ்சை அடைக்குது", "தலை கிறுகிறுங்குது" என்பார். கையில் கிடைப்பது வலி மாத்திரை.

வெறும் மொழிபெயர்ப்பு போதாது. மக்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். மலையாள வடிவத்தைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த ஆய்வு 2005-லேயே வெளிவந்தது. தமிழில் சரிபார்க்கும்போது நம் காலனிப் பெண்களின் பேச்சும் அதில் இடம்பெற வேண்டும்.

அடுத்தது, மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம். நிலமில்லாத தலித் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் இரண்டு கூலி நின்றுபோகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவுக்கு உதவும். கூட இருப்பவர் இழக்கும் கூலிக்கும், வாரம் தவறாமல் வந்து நிற்கும் குழுக்கடனுக்கும் அது உதவாது. நாலு நாள் வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்ளும் காட்டுக்காரரிடம் போய் நிற்பதும் அதே பெண்தான். ஆகவே மதிப்பெண்ணோடு சாதி, நிலம், கடன், இழந்த வேலை நாட்கள் ஆகியவற்றையும் எழுத வேண்டும். இல்லையென்றால் கஷ்டம் முழுவதும் அவர் மனதின் பலவீனமாகக் கணக்கில் ஏறிவிடும். ஆலோசனை மட்டும் கிடைக்கும், கடன் அப்படியே இருக்கும்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சாதி, வர்க்கம், பாலினப் பாகுபாடு இன்றி அரசு மனநல சேவை பெறுவதை எல்லோருக்கும் உரிமை ஆக்கியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து பார்க்கும் வலி நிவாரண சிகிச்சையும் உண்டு. அப்படி வரும் செவிலியர் கூட இருப்பவரிடமும் பத்து நிமிடம் பேசட்டும். நோயாளியின் காதில் விழாத இடத்தில் பேசட்டும். படுத்திருப்பவர் முன்னால் "எனக்கு முடியலை" என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வருகை ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல் காலனிக்கும் வரட்டும். மதிப்பெண் 11-ஐத் தொட்டவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் பார்க்கட்டும். எண்ணைக் குறித்துக்கொண்டு போவதோடு முடிந்தால், அளந்ததில் பயனில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்குக் கரண்டு வைக்கும் நாட்களில் பள்ளிக்கு வராமல் போகும் தோழியும் ஒரு பராமரிப்பாளர்தான். அவருக்கு நோட்டு எழுதிக் கொடுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். மதிப்பெண் போட்டு யாருக்கும் நோய்ப் பெயர் வைக்காதீர்கள். அது மருத்துவர் வேலை. யாராவது "இருந்து என்ன பண்றது" என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த முறை உறவுக்காரரைப் பார்க்க வார்டுக்குப் போகும்போது, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருப்பவரிடமும் கேளுங்கள்: "நீங்க சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா?"